காபி குடிக்கும்போது வரும் இருமல்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வீட்டிலேயே பூக்கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஏழு வாரத்துக்கு முன்பு காலையில் எழும்போதே வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் வரவில்லை. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது நாங்கள் பிடித்துக்கொண்டால் நாலைந்து எட்டு வைக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி மூன்றையும் தொடரச் சொல்லி எழுதியிருக்கிறது. ஞாயிறு தவிர தினமும் ஒரு பிசியோ வீட்டுக்கு வருகிறார், தடவைக்கு 400 ரூபாய். அதற்கே முழி பிதுங்குகிறது. மூன்றும் அவசியமா? கால் சரியானால் போதும் என்று நினைக்கிறோம். ஆறு மாதத்துக்குள் வந்தால் வந்தது, அப்புறம் வராது என்கிறார்களே, நிஜமா? மாமா புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார். நாங்கள் பேசுவது அம்மாவுக்குப் புரிகிறது. ஆனால் எதைக் கேட்டாலும் ‘அதுதான், அதுதான்’ என்றே வருகிறது. பூக்கூடையைப் பார்த்தால் அழுகிறார், அதனால் கூடையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டோம். சாப்பாடு நன்றாகச் சாப்பிடுகிறார், காபி குடிக்கும்போது மட்டும் லேசாக இருமல் வரும்.
பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: உங்கள் கடிதத்தில் காலைப் பற்றி நிறைய இருக்கிறது. இருமலைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில், போகிற போக்கில். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: நோயாளியைப் பார்த்ததும் கண் காலுக்குப் போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவரை நடக்கவைத்தேன். மூன்றாவது வாரம் கோலை ஊன்றித் தெருமுனை வரை போய்வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாவது வாரம் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் மகள் சொன்னாள்: “தண்ணி குடிச்சா அப்பப்ப பொறை ஏறும் சார், அது எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டோம்.” அவர்கள் விட்டது இருக்கட்டும், நான் ஒருநாளும் கேட்கவேயில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் காலைத் தொடுகிறேன்.

பக்கவாதத்தில் கை கால் போலவே தொண்டைத் தசையும் பலம் குறைந்து, நேரம் தப்பி வேலை செய்யும். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் சட்டென்று மூடவேண்டும். அது ஒரு நொடி தாமதித்தால், அதற்குள் திரவம் உள்ளே இறங்கிவிடும். இட்லி மெதுவாக நகரும், தொண்டைக்கு நேரம் கொடுக்கும். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் ஓடும். அதனால்தான் “சாப்பாடு நன்றாக இறங்குது, காபிக்கு மட்டும் இருமல்” என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். இருமல் வருவதாவது நல்லது, உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அந்த உணர்வே மரத்திருக்கும். இருமாமலே நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். குடித்தபின் குரல் தொண்டையில் நீர் நிற்பதுபோல் கரகரக்கிறதா, சாயங்காலமானால் உடம்பு சுடுகிறதா, எடை இறங்குகிறதா என்று பாருங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதைச் சோதித்துச் சரிசெய்பவர் யார் தெரியுமா? ஸ்பீச் தெரபிஸ்ட். பெயரில் பேச்சு இருப்பதால் பலரும் “பேச்சு மெதுவா வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று முதலில் வெட்டுவது இவரைத்தான். விழுங்குவதும் அவர் துறைதான். தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரோடு சேர்ந்து மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே படமெடுத்தோ எந்த இடத்தில் தப்புகிறது என்று பார்ப்பார்கள். இந்த வாரமே ஒருவரிடம் காட்டுங்கள்.

அதுவரை வீட்டில் இதைச் செய்யுங்கள். அம்மாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து மட்டுமே எதையும் கொடுங்கள். படுக்கையில் சாய்ந்தபடி ஒரு வாய் கூட வேண்டாம். குடித்து முடித்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வழக்கம். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாயின் வாசல் நன்றாகத் திறந்துகொள்ளும், அதனால் இப்போதைக்கு அது கூடவே கூடாது. குறுகலான டம்ளரில் பாதிக் காபி இருந்தால் அதைக் காலி செய்யத் தலையை நிமிர்த்தியே ஆகவேண்டும். வாய் அகன்ற டபராவில் கொடுத்தால் விளிம்பு மூக்கில் இடிக்காது, தலை குனிந்தபடியே குடிக்கலாம். இல்லையென்றால் கரண்டியால், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். ஸ்ட்ரா வேண்டாம். திரவத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் மெதுவாக ஓடும். மெடிக்கல் ஷாப்பில் அதற்கென்றே பவுடர் இருக்கிறது. கேப்பைக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, தேங்காய்த் துருவல் போடாமல் வடிகட்டிய பருத்திப்பால் எல்லாம் இயல்பாகவே அந்தப் பதம். எவ்வளவு கெட்டி, எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் கெட்டியாக்கி, தண்ணீர் குறைந்து, மூத்திரக்கடுப்போடு வருகிறவர்களையும் பார்க்கிறேன்.

ரசம் சாதம், பருக்கை மிதக்கும் கஞ்சி இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். ஒரே வாயில் ஓடுவதும் மெல்ல வேண்டியதும் சேர்ந்து வந்தால் தொண்டை தடுமாறும். புட்டு, முறுக்கு மாதிரி உதிர்வதும் வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் வலது கன்னத்துக்குள் விரல்விட்டுப் பாருங்கள், பலமில்லாத பக்கம் சோறு ஒதுங்கி நிற்கும், அவருக்கே தெரியாது. இரண்டு வேளையும் பல்லும் நாக்கும் சுத்தமாக இருக்கட்டும். எச்சிலும்தான் உள்ளே இறங்குகிறது, அதில் கிருமி குறைவாக இருந்தால் நல்லதுதானே. மாத்திரை விழுங்கச் சிரமப்பட்டால் நீங்களாக இடித்துக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

சரி, இப்போது மூன்றும் அவசியமா என்ற கேள்விக்கு வருவோம். அதே காபியை வைத்தே சொல்கிறேன். உங்கள் அம்மா சாய்ந்துவிடாமல் உட்கார்ந்து, டபரா பக்கம் குனிந்து, திரும்ப நிமிர்வது வரை என் வேலை. டபராவைப் பிடிப்பது, வாய்க்குக் கொண்டுபோவது, சிந்தாமல் கீழே வைப்பது, வலது கை இன்னும் தயாராகவில்லை என்றால் இடது கையால் சமாளிக்கும் வழி சொல்வது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. விழுங்குவதும், “இன்னும் கொஞ்சம் சீனி போடு” என்று கேட்கவைப்பதும் ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை. இதில் எதை விடச் சொல்கிறீர்கள்? கால் மட்டும் சரியாகி, கக்கூஸுக்குத் தனியாகப் போக முடியாமல், தலைவலிக்கிறது என்று சொல்லவும் முடியாமல் இருந்தால் அந்த நடை அவருக்கு எதற்கு?

ஆனால் மூன்று பேரும் தினம் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதம் 26 நாள், 10,400 ரூபாய் ஒரே ஆளுக்குப் போகிறது. என் தொழில் செய்கிறவரின் வருமானத்திலேயே கைவைக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ளட்டும். பிசியோவை ஒன்றுவிட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் வரச் சொல்லுங்கள். மாதம் 5,200 ரூபாய் மிச்சமாகும். அந்தப் பணத்தில் ஸ்பீச் தெரபிஸ்டை வாரம் ஒருமுறையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை மாதம் ஒன்றிரண்டு முறையும் பாருங்கள். போகிற ஒவ்வொரு முறையும் “அடுத்த முறை வரும்வரை வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும், செய்து காட்டுங்கள்” என்று கேட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் இருப்பது ஒரு மணி நேரம். அம்மா விழித்திருப்பது பதினாலு மணி நேரம். மூளை புதுப் பாதை போட்டுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். ஒரு அசைவை நாளைக்குப் பத்துத் தடவை செய்தால் போதாது, நூற்றுக்கணக்கில் செய்யவேண்டும். அந்த எண்ணிக்கை வீட்டில்தான் நடக்கும்.

வருகிற பிசியோவையும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா தானாக என்ன செய்கிறார்? அவர் படுத்தே கிடக்க, கரண்ட் மெஷினை ஒட்டிவைத்துவிட்டு, கையையும் காலையும் நாலு முறை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார் என்றால் அது பாதி வேலைதான். கரண்ட் வைப்பதற்கும் ஒரு இடம் உண்டு. மணிக்கட்டைத் தூக்க அம்மா முயலும்போது அதற்குத் துணையாக வைத்தால் பலன் இருக்கும். மூட்டு இறுகாமல் நீட்டிவிடுவதும் தேவையே. ஆனால் வியர்வை தெரபிஸ்டுக்கு மட்டும் வந்தால் போதாது, அம்மாவுக்கும் வரவேண்டும்.

நான் முதலில் கேட்பது உட்கார்ந்து எழுவதைத்தான். கொஞ்சம் உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலி. பாதம் இரண்டும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, அப்புறம் எழுவது. வலது காலிலும் பாரம் விழவேண்டும். நீங்கள் வலது பக்கம் நில்லுங்கள், விழுகிற பக்கம் அது. பத்துப் பத்தாக ஒரு நாளில் நாலைந்து வேளை. நடையைவிட இது அலுப்பாக இருக்கும், ஆனால் நடைக்கு வேண்டிய பலம் இதில்தான் வரும். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு, கால் தரையில் இழுபட “நடக்கிறாங்க பாருங்க” என்று வீடியோ எடுப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த அக்குள் விஷயம் முக்கியம். பலமிழந்த தோள்மூட்டை நிறுத்திவைத்திருந்த தசைகள் இப்போது தளர்ந்திருக்கின்றன. வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் மூட்டு இறங்கிவிடும், அப்புறம் வருகிற வலி மாதக்கணக்கில் தூங்கவிடாது. எழுப்பும்போது இடுப்பைப் பிடியுங்கள், பழைய வேட்டியை மடித்து இடுப்பில் கட்டினால் நல்ல பிடி. உட்கார்ந்திருக்கும்போது வலது கைக்கடியில் தலையணை. கோல் இடது கையில். பாதம் தொங்கித் தரையில் உரசினால் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு, அளவெடுத்துச் செய்வார்கள். கடையில் ரெடிமேடாக வாங்கிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில்.

இனி அந்த ‘அதுதான்’. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எது கேட்டாலும் அவர் வாயில் ‘டான்’ என்ற ஒரே ஒலிதான் வரும், ஆனால் சொல்வது புரியும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது பக்கம் முன்பகுதி பழுதாகியிருந்தது. பேச்சை வெளியே கொண்டுவரும் வேலை அங்கே நடக்கிறது என்று அதிலிருந்துதான் தெரியவந்தது. உங்கள் அம்மாவின் ‘தானு’க்கும் அந்த ‘டானு’க்கும் நூற்றறுபது வருஷம் கழித்து இப்படி ஓர் ஒற்றுமை. அவர் அறிவு மங்கவில்லை. சொல்லவேண்டியது உள்ளே தெளிவாக இருக்கிறது, சொல்தான் கைக்கு அகப்படவில்லை. அதனால் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள். அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள், எல்லாம் கேட்கிறது, புரிகிறது.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். “நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்று யாரும் கேட்கக் கூடாது. கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்று பரீட்சை வைத்தால் நன்றாக இருப்பவருக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மட்டும், டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள், அதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆகக் கஷ்டமான பயிற்சி. “என்ன வேணும்?” என்பதைவிட “காபியா, கூழா?” என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். தலையாட்டலை முழுசாக நம்பவேண்டாம். இந்த நோயில் ஆமாமும் இல்லையும் மாறிவிடும், அதோடு நம் ஊர்த் தலையாட்டலில் எது ஆமாம் என்று யாருக்குத்தான் தெரியும்? போனில் ஒரு ஆல்பம் போடுங்கள்: அவருடைய டபரா, கக்கூஸ் கதவு, மின்விசிறி, போர்வை, மாத்திரை டப்பா, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக. உங்கள் வீட்டுப் பொருளையே படம் எடுங்கள், கடையில் விற்கும் படப் புத்தகம் வேண்டாம். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்று பயப்படவேண்டியதில்லை. சொல்ல முடிகிறது என்ற நிம்மதி வந்தாலே முயற்சி கூடும்.

மனப்பாடமாகப் போனவை மூளையில் வேறு வழியாக வரும். ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, ஞாயிறு திங்கள், தினம் பாடிய சாமிப் பாட்டு, பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு. பேச வராதவர் பாட்டில் முழு வரியும் சொல்வதைப் பார்த்து வீடே அழும். அழுதுவிட்டு, அது பேச்சு திரும்பிவிட்டதற்கு அடையாளம் இல்லை என்றும் நினைவில் வையுங்கள். அந்த ராகத்தில் ‘காபி வேணும்’ என்பதை ஏற்றிப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது, தெரபிஸ்ட் சொல்லித்தருவார். இன்னொன்று, மதுரைப் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் நிறைய. நீங்கள் அப்படி என்றால் அந்த மொழியிலேயே பழக்குங்கள். தெரபிஸ்டுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து இருபது சொல்லை எழுதிக் கொடுங்கள்.

இப்போது பரணில் கிடக்கும் கூடை. அதை நீங்கள் அன்பால்தான் மறைத்தீர்கள். ஆனால் இறக்கிவிடுங்கள். பக்கவாதத்துக்குப்பின் அழுகை இரண்டு வகையில் வரும். ஒன்று நிஜமான துக்கம். இன்னொன்று, மூளையில் அழுகையைப் பிடித்துவைக்கும் கடிவாளம் தளர்ந்து, சின்ன விஷயத்துக்கும் பொங்கிவருவது. இரண்டுமே டாக்டரிடம் சொல்லவேண்டியவை, மாத்திரை உண்டு. தூக்கம், பசி கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் தள்ளிப்போடவே வேண்டாம். அதற்காகக் கூடையை மறைப்பது, நாற்பது வருஷம் பழகிய கையிடமிருந்து வேலையைப் பிடுங்குவதாகும்.

ஆக்குபேஷனல் தெரபி என்பது இதுதான். எல்லா வீட்டிலும் கையில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருப்பார்கள். பக்கவாதக் கைக்கு மூடுவது எப்படியும் வரும், பலருக்கு அளவுக்கு மீறியே வரும். வராதது திறப்பது. பந்தை அமுக்கி அமுக்கி, விரல் உள்ளே மடங்கி இறுகிப்போன கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பந்துக்குப் பதில் ஒரு தட்டில் சம்பங்கி பத்துப் பூ வையுங்கள். காம்பு தடிமன், பிடிக்க எளிது. வலது கையால் ஒன்றை எடுத்து பக்கத்துக் கிண்ணத்தில் போடவேண்டும். போடுவதுதான் பாடம், அப்போதுதான் விரல் திறக்கவேண்டும். ஆரம்பத்தில் உங்கள் கை அவர் மணிக்கட்டைத் தாங்கட்டும். அது பழகியபின் மல்லி மொட்டு. மல்லி ஒரு நல்ல வாத்தியார்: பிடி கொஞ்சம் இறுகினாலும் மொட்டு கசங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், யாரும் சொல்லவேண்டியதில்லை. போடும்போது ஒன்று, இரண்டு என்று நீங்கள் சத்தமாக எண்ணுங்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அவரும் சேர்ந்து எண்ண ஆரம்பிக்கலாம். அந்த நேரத்துக்குப் பேச்சுப் பயிற்சி தனியாக வேறு வேண்டாம், அதே தட்டில் நடக்கிறது.

விரல் அசைவே வராவிட்டாலும் வேலை இருக்கிறது. நூலின் ஒரு முனையின்மேல் வலது கையை வைத்து அழுத்திப் பிடிக்கட்டும், மற்றதை இடது கையும் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கை வேலையில் கலந்துகொண்டால் மூளை அதை மறக்காது. இன்னொரு வழி கண்ணாடி. நடுவில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, வலது கை அதன் பின்னால் மறைய, இடது கையை அசைத்தபடி கண்ணாடிக்குள் பார்த்தால் வலது கை அசைவதுபோல் தெரியும். வெட்டுப்பட்ட கையில் வலி உணர்கிறவர்களுக்காக இந்த உத்தியைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்புறம் பக்கவாதத்துக்கும் அது வந்துவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்துப் பலமில்லாத கையை மட்டும் வேலை வாங்கும் முறையும் உண்டு. ஆனால் மணிக்கட்டும் விரலும் ஓரளவாவது தானாக நிமிர்பவர்களுக்குத்தான் அது. யூடியூப் பார்த்து நீங்களாகக் கட்டிவிடாதீர்கள், விழும்போது ஊன்ற ஒரு கை வேண்டும். விரல்கள் இறுகி நகம் உள்ளங்கையில் பதிய ஆரம்பித்தால், தசையைத் தளர்த்தும் ஊசி இருக்கிறது. அதைப் பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. உடுத்தும்போது வலது கை முதலில், கழற்றும்போது கடைசியில். சேலைக்கு அவசரமில்லை, முன்பக்கம் திறக்கும் நைட்டி போதும். குத்துக்காலிடும் கக்கூஸ்மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி வாங்கி, இடது கைக்கு எட்டும் சுவரில் ஒரு கம்பி அடியுங்கள். இந்தக் கம்பிக்கு ஆகும் செலவு, நீங்கள் செய்யப்போகும் எல்லாச் செலவிலும் நல்ல செலவு.

எங்கே போவது? மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், பிசியோதெரபி காசில்லாமல் கிடைக்கும். ஒருநாள் அலைச்சல்தான். பேச்சுப் பயிற்சிக்கும் கைப்பயிற்சிக்கும் யாரைப் பார்க்கவேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை மட்டுமில்லை, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, தருவதும் உண்டு. மாத்திரை கொடுக்க உங்கள் தெருவுக்கு வரும் பெண் பணியாளரிடமோ திருமங்கலம் அரசு மருத்துவமனையிலோ பெயரைப் பதியுங்கள். அவர்கள் வருகிற நாளில் தனியாரை நிறுத்திக்கொள்ளலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நம் பக்கம் கிடைப்பதுதான் அரிது. மாதம் ஒருமுறை மதுரை வந்துபோவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீச் தெரபி, விழுங்குவதை நேரில் சோதித்த பிறகு, பேச்சுக்கு மட்டும் வீடியோ காலிலும் நன்றாகவே நடக்கும். யாரிடம் போனாலும் படிப்பைக் கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கவேண்டும். கேட்டால் உண்மையானவர்கள் கோபப்பட மாட்டார்கள். குறைபாடு நிலைத்துவிட்டது, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று பின்னால் டாக்டர் சொன்னால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப்போடுங்கள். இப்போதே அதற்கு அலையவேண்டாம்.

ஆறு மாதக் கணக்கு பாதி நிஜம். முதல் மூன்று மாதம் வேகம் அதிகம், அதனால்தான் ஏழாவது வாரத்தில் இருக்கும் உங்களை இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். அப்புறம் வேகம் குறையும், நின்றுவிடாது. கையிலும் குறிப்பாகப் பேச்சிலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துப் புதுசாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன். முழுசாகப் பழையபடி ஆகிவிடுவார் என்று மட்டும் நான் எழுதித்தர மாட்டேன், யார் எழுதித்தந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

புறா ரத்தம் பற்றி மாமாவிடம் சண்டை போடவேண்டாம். அதில் பலனில்லை, புறாவுக்குத்தான் நஷ்டம். வெறும் எண்ணெய் தேய்த்துவிடுவதில் தப்பில்லை. ஆனால் மணல் மூட்டை, வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி மரத்த பக்கம் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். நாட்டு மருந்து தொடங்கினோம் என்று பி.பி. மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் நிறுத்துவதுதான் ஆபத்து, அடுத்த அடைப்பு அப்படித்தான் வருகிறது. மறுபடி வாய் கோணினாலோ, கை திடீரென்று தொங்கினாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

நாளைக் காலையில் காபி கொடுக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவின் முகமும் கழுத்தும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் போனை வைத்து, மூன்று வாய் குடிப்பதையும் குடித்தபின் ‘ஆ’ என்று குரல் கொடுப்பதையும் வீடியோ எடுங்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகும்போது முதலில் அதைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், நடையைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசிக்கொள்ளலாம்.